வீடு தேடி வரும் மருத்துவம்: நன்மை விளைந்ததா என்று அறிவது எப்படி?

வயலில் எத்தனை சால் உழுதோம் என்பதைக் கொண்டு எந்த உழவரும் தம் விளைச்சலைக் கணக்கிடுவதில்லை. களத்தில் நெல்லை அளந்த பின்னரே அவருடைய ஆண்டுக் கணக்கு முடிகின்றது. ஆனால் பொதுப் பணிகளில் நாம் பல சமயங்களில் உழுத சாலை மட்டும் எண்ணிவிட்டு, களத்துக்குப் போகாமலே திரும்பிவிடுகின்றோம். எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேருக்கு மருந்து வழங்கப்பட்டது, எத்தனை வீடுகளுக்குச் சென்று வந்தனர் என்பவை ஏட்டில் ஏறுகின்றன. அவற்றால் நோயாளிக்கு உண்டான நன்மை யாது என்ற கேள்வி ஏட்டில் இடம் பெறாமலே போய்விடுகின்றது.

நோயாளியின் வீட்டிற்கே சென்று செய்யும் சிகிச்சையிலும் பராமரிப்பிலும் இக்கேள்வி மிகவும் இன்றியமையாதது. மருத்துவமனையில் ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தால் பத்துப் பேர் காண்பர். வீட்டின் உள்ளறையில் ஒரு மூதாட்டி விழுந்தால் அது அவருக்கும் அவருடைய மருமகளுக்கும் மட்டுமே தெரியும். நன்மையும் தீமையும் அங்கு மூடிய கதவுக்குள்ளே நிகழ்கின்றன. ஆதலின், வீட்டுப் பராமரிப்பு முன்னைவிடத் தரத்தில் உயர்ந்துள்ளதா, தீங்கில்லாமல் நடைபெறுகின்றதா என்பதை அறியும் முறையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் பொதுமக்களும் அறிந்திருத்தல் வேண்டும். அம்முறையை இக்கட்டுரையில் பார்ப்போம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும், கூட்டல் வகுத்தலும், உண்மையை மறைக்காத மனமும் போதும்.

இப்பணி தோன்றிய வரலாறு

வீடு தேடிச் சென்று நோயாளியைப் பேணும் முறை புதியதன்று. இங்கிலாந்து நாட்டின் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், தம் மனைவியின் இறுதி நாட்களில் மேரி ராபின்சன் என்னும் செவிலியர் ஆற்றிய பணியைக் கண்டு நெகிழ்ந்தார். 1859-இல் அதே செவிலியரை ஏழை மக்களின் வீடுகளுக்குச் சென்று பணிபுரியுமாறு அமர்த்தினார். ஒழுங்குபடுத்தப்பட்ட வீட்டுச் செவிலியப் பணிக்கு அது வித்தாயிற்று.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், தீரா நோயால் துன்புறுவோரின் வலியைத் தணிக்கும் பணி 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர் மக்களே பயிற்சி பெற்றுத் தம் ஊர் நோயாளிகளைக் கவனிக்கும் முறை வளர்ந்தது. 2008-இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டு, உள்ளாட்சி அமைப்புகளின் வழியே இல்லப் பராமரிப்பை மாநிலமெங்கும் பரப்பியது.

நமது மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பெற்றது. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டிற்கே கொண்டு சேர்த்தல், இயன்முறைச் சிகிச்சை, நோய் ஆதரவுச் சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்தோர்க்குச் சுய டயாலிசிஸ் பைகள் வழங்குதல் ஆகியவை அதன் பணிகளாக அமைந்தன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் சேர்ந்து வழங்கும் விருதும் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. விருது மாநிலத்திற்குப் பெருமை தருவது. எனினும், நம் தெருவின் கடைசி வீட்டில் படுத்திருப்பவர் நேற்று இரவு வலியின்றி உறங்கினாரா என்பதை விருது நமக்குச் சொல்லாது. அதை நாம்தாம் கேட்டறிய வேண்டும்.

ஏர், உழவு, விளைச்சல்

சிகிச்சையின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் அவெதிஸ் டோனபீடியன் என்னும் மருத்துவ அறிஞர். 1966-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் தரத்தை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காட்டினார். அவற்றை அமைப்பு, செயல், விளைவு எனக் கூறலாம்.

உழவர்க்கு இதை விளக்குவது எளிது. ஏரும் விதையும் உரமும் தண்ணீரும் அமைப்பு. உழுதல், நடுதல், களையெடுத்தல் ஆகியவை செயல். களத்தில் சேரும் நெல் விளைவு. வீட்டுப் பராமரிப்பில் தன்னார்வலர், செவிலியர், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, மருந்து இருப்பு ஆகியவை அமைப்பு. குறித்த நாளில் வீட்டிற்குச் சென்றது, முறையாக அளந்தது, மருந்து உட்கொள்ளும் முறையை விளக்கியது ஆகியவை செயல். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருத்தல், படுக்கைப் புண் வராதிருத்தல், வலி தணிந்திருத்தல் ஆகியவை விளைவு.

மூன்றையும் பார்த்தல் வேண்டும். விளைவு குறைந்தால் காரணத்தை அறியச் செயலையும் அமைப்பையும் ஆராயவேண்டும். ஆனால் முன்னேற்றம் ஏற்பட்டது என்று முடிவு கூற, விளைவைப் பார்த்தாலன்றி இயலாது.

ஒரு சிற்றூரின் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு சிற்றூரில் இரத்த அழுத்தத்திற்காகப் பதிவு செய்யப்பட்டவர்கள் 60 பேர். ஒரு மாதத்தில் அவர்களுள் 57 பேருக்கு மருந்து வழங்கப்பட்டது. நூற்றுக்கு 95 வீதம். ஏட்டைப் பார்ப்பவர் மகிழ்ச்சியடைவார்.

அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். அம்மாதத்தில் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டவர்கள் 40 பேர் மட்டுமே. அவர்களுள் 24 பேருக்கு அளவு 140/90-க்குக் கீழே, அதாவது கட்டுக்குள், இருந்தது. அளந்தவர்களுள் நூற்றுக்கு 60 பேர் கட்டுக்குள் உள்ளனர் என்று ஒருவர் எழுதலாம். ஆனால் பதிவு பெற்ற 60 பேரில் கட்டுக்குள் இருப்பதாக நாம் அறிந்தவர்கள் 24 பேரே. நூற்றுக்கு 40 வீதந்தான்.

எஞ்சிய 20 பேர் யார்? விடியுமுன் வேலைக்குச் சென்று இருட்டியபின் திரும்பும் கூலியாட்கள், மகன் வீட்டிற்கும் மகள் வீட்டிற்கும் மாறி மாறிச் செல்லும் முதியோர், எழுந்து வாசலுக்கு வர இயலாதோர் ஆகியோரே பெரும்பாலும் இதில் அடங்குவர். அவர்களுடைய மாத்திரைகளை வீட்டிலுள்ள வேறொருவர் வாங்கி வைத்திருப்பார். அவை உட்கொள்ளப்பட்டனவா, மாடத்தில் கிடக்கின்றனவா என்பதை மருந்து வழங்கிய கணக்கு காட்டாது. அதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. நாளைக்கு ஒன்றாக 30 மாத்திரைகள் கொடுத்து 20 நாட்கள் கழிந்திருந்தால், அட்டையில் 10 மாத்திரைகள் மீந்திருத்தல் வேண்டும். 22 மீந்திருந்தால் நாம் கேட்கவேண்டியது மிகுதியாக உள்ளது. அதைக் கண்டித்துக் கேளாமல் அன்போடு கேட்டல் வேண்டும். மாத்திரையால் தலைசுற்றல் வந்ததனால் அவர் நிறுத்தியிருக்கலாம்.

இவ்வூரில் தன்னார்வலர் தாம் செல்லும் நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் சென்றபின் அதே 60 பேரில் 54 பேருக்கு அளவு பார்க்கப்பட்டது. 33 பேர் கட்டுக்குள் இருந்தனர். அளந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் நூற்றுக்கு 61 வீதம் வரும். முன்பு 60, இப்போது 61. ஏதும் மாறவில்லை போலத் தோன்றும். பதிவு பெற்ற அனைவரையும் வைத்து வகுத்தால் 40 வீதம் 55 வீதமாக உயர்ந்திருப்பது புலனாகும். கீழே வகுக்கும் எண் தவறானால், குறை இருந்த காலத்தில் குறை மறைந்தது. நன்மை வந்த காலத்தில் நன்மையும் மறைந்தது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. முன்பு அளக்கப்படாதிருந்தவர்களுள் சிலர் அப்போதே கட்டுக்குள் இருந்திருக்கலாம். ஆதலின், கூடுதலான 9 பேரும் இந்த ஆறு மாதத்தில்தான் நலமுற்றனர் என்று பறைசாற்றுதல் கூடாது. முன்னர் நம் கண்ணில் படாதிருந்தவர்கள் இப்போது பட்டுள்ளனர் என்பது உறுதி. அதுவும் ஒரு முன்னேற்றமே.

அளவுகோல் சரியாயிருத்தல் வேண்டும்

தராசு சரியில்லையேல் கணக்கும் சரியாகாது. இரத்த அழுத்தம் பார்க்குமுன் நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். முதுகு சாய்ந்திருக்கவேண்டும், பாதங்கள் தரையில் படிந்திருக்கவேண்டும், கை நெஞ்சின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்கவேண்டும். பட்டையைச் சட்டையின்மேல் சுற்றுதல் கூடாது. அரை மணி நேரத்திற்குள் காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றைப் பயன்படுத்தியிருத்தல் கூடாது. இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுதல் நலம். களத்து வேலையிலிருந்து ஓடி வந்தவரை நிற்க வைத்து அளந்தால், வரும் எண்ணால் பயன் இல்லை.

ஏட்டைச் சரிபார்ப்பவர்க்கு ஒரு நுட்பம் கூறுவோம். மின்கருவியில் அளவு பார்த்தால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எல்லா எண்களிலும் விழும். ஒரு பக்கம் முழுவதும் 130/80, 140/90, 120/80 என்று பூச்சியத்திலேயே முடிந்திருக்குமானால், எண்கள் கருவியிலிருந்து வந்தனவா, மனத்திலிருந்து வந்தனவா என்று வினவுதல் தகும். அவ்வாறு வினவும்போது தன்னார்வலரைக் குற்றவாளியாக்குதல் ஆகாது. கருவியில் மின்கலம் தீர்ந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம். அதைச் சொல்ல அவர் அஞ்சியிருக்கலாம்.

தீங்கு நேராமற் காத்தல்

நன்மை செய்யச் சென்ற இடத்தில் தீமை விளையாமற் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. கிராமத்து வீடுகளில் கவனிக்கவேண்டிய தீங்குகள் சில உள்ளன.

முதலாவது, படுக்கைப் புண். நெடுநாள் படுத்திருப்போரின் முதுகடி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களில் எடை அழுந்தி இரத்த ஓட்டம் தடைப்படுவதால் இது உண்டாகின்றது. இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தல் பொதுவான வழக்கம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் அது சற்று வெளுத்துப் பின் சிவக்கவேண்டும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருநிறத் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சூடு, தடிப்பு, வலி ஆகியவற்றைக் கையால் தொட்டறிய வேண்டும்.

இரண்டாவது, மருந்துக் குழப்பம். ஆரம்ப சுகாதார நிலையம் தந்த மாத்திரையும், நகரத்துத் தனி மருத்துவர் எழுதிய மாத்திரையும் வேறு வேறு பெயர்களைக் கொண்டிருக்கும். உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து உட்கொள்பவர் அளவுக்கு மீறி மருந்துண்கிறார். வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரே பெட்டியில் வைத்து, செவிலியர் வரும்போதெல்லாம் பெட்டியோடு காட்டுவது இதற்குத் தக்க காப்பு.

மூன்றாவது, இன்சுலின் பற்றியது. திறவாத குப்பியை 2 முதல் 8 பாகை வரை குளிர்ச்சியில் வைக்கவேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைத்தல் கூடாது. திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரங்களுக்குமேல் பயன்படுத்தலாகாது. திறந்த நாளைக் குப்பியின்மேல் எழுதி ஒட்டுதல் நல்ல பழக்கம். இன்சுலின் போட்டபின் உணவு தாமதமானால் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், மனக் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். நோயாளி விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்கவேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றுதல் கூடாது. உடனே மருத்துவ உதவியை நாடவேண்டும். பயன்படுத்திய ஊசிகளைக் குப்பைக்குழியில் எறியாமல், மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்துச் சுகாதார நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கையைக் காப்பதும் பாதுகாப்பில் அடங்கும்.

நான்காவது, சுய டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்கு வயிற்றில் நேரும் தொற்று. வெளியேறும் நீர் கலங்கலாக இருத்தல், வயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அந்த நீர்ப்பையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இதற்கென உள்ள உலகச் சங்கம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 10 நோயாளிகள் ஓராண்டு முழுவதும் இச்சிகிச்சை பெற்றால் தொற்று 4 முறைக்கு மேற்படலாகாது.

ஐந்தாவது, வீழ்தல். இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியும் ஈரத் தரையும் விளக்கின்மையும் முதியோர் விழுதற்குப் பெருங்காரணங்கள்.

உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கலாகாது

தீங்குகளை ஏட்டில் எழுதத் தொடங்கிய ஊரில் முதல் சில மாதங்களில் எண்ணிக்கை கூடும். ‘முன்பு ஆண்டுக்கு ஒருவர்கூட விழவில்லை, இப்போது மாதத்திற்கு இருவர் விழுகின்றனர்’ என்று தலைவர் கவலையுறுவார். உண்மையில் முன்பும் விழுந்தனர், யாரும் எழுதவில்லை. இருட்டறையில் விளக்கேற்றினால் தூசி தெரிகின்றது. தூசிக்கு விளக்கைக் குறைகூறுதல் தகாது.

இந்தத் தருணத்தில் பஞ்சாயத்து நடந்துகொள்ளும் விதமே எதிர்காலத்தை முடிவு செய்கின்றது. ‘உன் பகுதியில்தான் புண் வந்தவர்கள் அதிகம்’ என்று ஒரு தன்னார்வலரைக் கூட்டத்தில் கடிந்துகொண்டால், அடுத்த மாதம் அவருடைய ஏட்டில் புண் ஒன்றும் இராது. நோயாளியின் முதுகில் மட்டும் இருக்கும். ஆதலின், ‘யார் செய்த தவறு?’ என்று கேட்பதற்கு முன் ‘இது எதனால் நேர்ந்தது, மறுபடி நேராமலிருக்க என்ன செய்யலாம்?’ என்று கேட்கும் வழக்கம் வேண்டும். வேண்டுமென்றே பொய்க்கணக்கு எழுதியவரை விசாரிப்பது வேறு. நேர்ந்ததை நேர்ந்தபடி எழுதியவரைப் பாராட்டுவது வேறு.

முன்னேற்றமா, தற்செயலா?

ஒரு மழையைக் கண்டு பருவம் நன்றென்று உழவர் முடிவு செய்வதில்லை. ஒரு மாதத்து எண்ணைக் கண்டு நாமும் முடிவு செய்தலாகாது. இதற்கு எளிய முறை ஒன்றுண்டு. கட்டம் போட்ட தாளில் மாதந்தோறும் ஒரு புள்ளி வையுங்கள். கடந்த மாதங்களின் எண்களைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணில் ஒரு நேர்கோடு இழுங்கள். புதிய ஏற்பாடு தொடங்கியபின் தொடர்ந்து ஆறு மாதப் புள்ளிகள் கோட்டின் நன்மைப் பக்கத்திலேயே விழுந்தால், மாற்றம் உண்மையானது எனக் கருத இடமுண்டு. நாணயத்தை ஆறு முறை சுண்டினால் ஆறு முறையும் தலையே விழுவது 64-க்கு ஒன்று என்ற அளவிலேயே நிகழும். புள்ளிகள் கோட்டின் மேலும் கீழும் மாறி மாறி விழுந்தால், அது வழக்கமான ஏற்றத்தாழ்வே.

இரண்டு கவனங்கள் தேவை. இரத்த அழுத்தம் பொதுவாகக் குளிர்காலத்தில் சற்றுக் கூடும், கோடையில் குறையும். எனவே மார்கழி மாத அளவைச் சித்திரை மாத அளவோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்ளுதல் பொருந்தாது. மார்கழியை மார்கழியோடு ஒப்பிடுக. அடுத்து, சிறிய எண்களில் விழிப்பு வேண்டும். ஒரு பஞ்சாயத்தில் சுய டயாலிசிஸ் பெறுபவர் ஒருவரே இருக்கலாம். அவருக்குத் தொற்று வந்ததா இல்லையா என்பதிலிருந்து பணியின் தரத்தை அளக்கமுடியாது. அத்தகைய கணக்கை வட்டார அளவிலோ மாவட்ட அளவிலோதான் பார்க்கவேண்டும். ஆனால் அந்த ஒருவரைக் காப்பது பஞ்சாயத்தின் கவலையாகவே இருக்கும்.

ஒப்பிடுவதற்குப் பக்கத்து வயலும் தேவை. புதிய விதை நல்லதா, மழை நல்லதா என்று அறிய, அதே மழை பெய்த அடுத்த வயலைப் பார்க்கின்றோமல்லவா? மராட்டிய மாநிலம் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர் அபய் பங்கும் அவருடைய துணைவியார் இராணி பங்கும் இவ்வாறே செய்தனர். 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே பேணச் செய்தனர். ஒப்பீட்டிற்காக 47 கிராமங்களில் நடந்ததையும் எண்ணினர். மூன்றாம் ஆண்டளவில், பிறந்த ஒரு மாதத்திற்குள் குழந்தைகள் இறப்பது ஒப்பீட்டுக் கிராமங்களை நோக்க நூற்றுக்கு 62 வீதம் குறைந்திருந்தது. 1999-இல் வெளிவந்த இம்முடிவு, பின்னர் நாடெங்கும் பிறந்த குழந்தைகளை வீடு சென்று காணும் திட்டத்திற்கு வழிகாட்டிற்று. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சென்று காணுதல் அத்திட்டத்தின் முறை. சிற்றூர்ப் பெண்கள் செய்த பணியை உலகம் ஏற்றதற்குக் காரணம், அவர்கள் பணியோடு கணக்கையும் நேர்மையாக வைத்திருந்ததே.

பத்து வீடுகள்

ஏட்டை மட்டும் பார்த்தால் போதாது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை, பராமரிப்புப் பெறும் வீடுகளின் எண்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, பத்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கலாம். தலைவருக்குத் தெரிந்த வீடுகளையோ சாலையோர வீடுகளையோ தேர்ந்தெடுத்தால் உண்மை தெரியாது. சீட்டு எந்தத் தெருவைக் காட்டினாலும், அத்தெருவுக்குச் செல்லவேண்டும். அந்தந்தப் பகுதியின் தன்னார்வலர் அல்லாத ஒருவர், கிராம சுகாதாரச் செவிலியருடன், வீட்டாரின் சம்மதம் பெற்றுச் செல்வது முறையாகும். அங்கு கேட்கவேண்டியவை ஐந்து:

1. கடைசியாக யார், எப்போது வந்தனர்? வந்தபோது என்ன செய்தனர்?
2. எந்த மாத்திரை எதற்கு என்பது நோயாளிக்கோ பராமரிப்பவருக்கோ தெரியுமா?
3. கடந்த மூன்று மாதத்தில் விழுந்தது, புண் வந்தது, மருந்து ஒவ்வாமை, மருந்து கிடைக்காமை ஏதேனும் உண்டா?
4. வலி இல்லாமைக்கு 0, தாங்கவொண்ணா வலிக்கு 10 என்று வைத்தால், இன்றைய வலி எத்தனை?
5. இரவில் துன்பம் வந்தால் யாரை அழைப்பது என்று தெரியுமா?

நோயாளியிடம் ஒரு முறையும், அவரைப் பேணும் மனைவி, மகள் அல்லது மருமகளிடம் தனியே ஒரு முறையும் கேட்டல் வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு முறை கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கும் அம்மை, எப்போது உறங்குகிறார்? அவருடைய இடுப்பு வலியை யார் எழுதுகின்றனர்? பராமரிப்பவர் சாய்ந்துவிட்டால் வீட்டில் நோயாளிகள் இருவராகிவிடுவர். இதுவும் தரக் கணக்கில் சேரவேண்டிய செய்தியே.

கிராம சபையின் கடமை

அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தத்தால் சேர்ந்த பதினோராம் அட்டவணையில், சுகாதாரமும் பஞ்சாயத்துக்குரிய துறைகளுள் ஒன்றாகக் குறிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள் 2022 முதல் ஆண்டுக்கு ஆறாக உயர்த்தப்பட்டன. அவற்றுள் இரண்டு கூட்டங்களிலேனும் இக்கணக்கைப் படிக்கலாம். பதிவு பெற்றவர் எத்தனை பேர், கட்டுக்குள் இருப்பவர் எத்தனை பேர், காணப்படாதவர் எத்தனை பேர், நேர்ந்த தீங்குகள் எத்தனை, அவற்றிற்குச் செய்த மாற்றம் யாது என்னும் ஐந்து வரிகள் போதும். ஆனால் எவருடைய பெயரும் நோயும் சபையில் கூறப்படலாகாது. ஊரில் ஒருவருக்கே உள்ள நோயானால், எண்ணைச் சொல்வதும் பெயரைச் சொல்வதற்கு ஒப்பாகும். அதைத் தவிர்த்தல் வேண்டும்.

மருந்தும் மருத்துவமும் மருத்துவத் துறையின் பொறுப்பு. எனினும் பஞ்சாயத்தின் கையில் உள்ளவையும் பல. சக்கர நாற்காலி செல்லத்தக்க தெரு, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி, எரியும் தெருவிளக்கு, படுக்கை நோயாளி உள்ள வீட்டிற்குத் தடையின்றித் தண்ணீர், மின்கலம் தீர்ந்த கருவிக்குப் புதிய மின்கலம் ஆகியவற்றிற்கு உரியவர்களை அணுகவும், இயன்றவற்றைத் தானே செய்யவும் பஞ்சாயத்தால் முடியும். பத்து வீட்டுச் சோதனையில் நான்கு வீடுகளில் இரவில் விழுந்த செய்தி வந்தால், அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் எதுவென்று நாம் சொல்லவேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முயலுதல் வேண்டாம். இந்த மாதம் ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பதிவு பெற்றும் அளக்கப்படாதவர்கள் யார் என்று பார்ப்பதே நல்ல தொடக்கம். சிறு மாற்றம் ஒன்றைச் செய்வோம். மூன்று மாதம் எண்ணுவோம். பயன் இருந்தால் நிலைப்படுத்துவோம். இல்லையேல் வேறு வழி தேடுவோம். களத்தில் நெல்லை அளக்கும்போது நாம் பதரைத் தூற்றிவிட்டே மரக்காலில் அள்ளுகின்றோம். எழுந்து வர இயலாதவரின் நலனை அளக்கும்போதும் அதே நேர்மை வேண்டும்.

பஞ்சாயத்தில் கூடிப் பேசுவதற்குச் சில வினாக்கள்

1. நம் ஊரில் வீட்டுப் பராமரிப்புக்குப் பதிவு பெற்றவர்களுள், கடந்த மாதம் எவரும் நேரில் காணாதவர்கள் எத்தனை பேர்? அதற்குக் காரணம் யாது?
2. நம் ஏட்டில் தீங்கு ஒன்றும் எழுதப்படவில்லையானால், அது நேராததனாலா, எழுதப்படாததனாலா?
3. நோயாளியைப் பேணும் பெண்கள் ஒரு நாளேனும் ஓய்வு பெற ஊரார் செய்யத்தக்க உதவி யாது?